பாலாற்றங்கரையில் சுற்றுச்சூழல் நீதி: ஓர் ஊர் அமைப்பாளரின் வேலை என்ன?

வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலைக் கழிவால் ஒரு வீட்டில் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வசதியுள்ள குடும்பம் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கும், வீட்டில் ஆர்.ஓ. மாட்டும், இன்னும் முடிந்தால் வேறு தெருவுக்கே குடிபோகும். ஆற்றோரம் காலனியில் இருக்கும் கூலிக் குடும்பத்துக்கு இந்த மூன்றுமே முடியாது. மாசு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அதைச் சுமப்பவர்கள்தான் வேறு. எந்தத் தொழிலின் வருமானம் யாருக்குப் போகிறது, அதன் கழிவு யார் கிணற்றுக்குப் போகிறது, அதைப் பற்றி முடிவெடுத்த இடத்தில் அந்தக் கிணற்றுக்காரர் இருந்தாரா என்று கேட்பதே சுற்றுச்சூழல் நீதி. ஆற்றைச் சுத்தம் செய்வது மட்டும் அதன் பொருளாகாது.

இந்தக் கேள்வியைப் பாதிக்கப்பட்ட மக்களே கேட்கவும், பதில் வரும்வரை விடாமல் நிற்கவும் உதவுபவர்தான் அமைப்பாளர். அவர் வழக்கறிஞரோ விஞ்ஞானியோ தலைவரோ ஆக வேண்டியதில்லை. ஊர் மக்களைக் கூட்டுவது, அவர்களுக்குத் தெரிந்ததை ஆவணமாக்குவது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, பின்பு அந்த வேலை தன்னை நம்பி நிற்காதபடி பார்த்துக்கொள்வது, இவைதான் அவர் செய்பவை. கடைசியாகச் சொன்னது மற்றவற்றைவிடக் கடினம்.

பழைய வட ஆர்க்காட்டில் இந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு நல்ல சான்று, நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் ஒரு வழக்கு.

1996 தீர்ப்பும் அதற்குப் பின் நடந்ததும்

பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு விடப்படுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோமியம் கொண்டு பதனிடும் குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன, டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) உள்ள பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழில் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இயற்கையை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்று உறுதியாகச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு நிலைநாட்டிய இரண்டு கொள்கைகளை அமைப்பாளர் நன்றாகப் புரிந்துவைத்திருக்க வேண்டும். முதலாவது முன்னெச்சரிக்கைக் கொள்கை. கேடு வரும் என்பதற்கு நூற்றுக்கு நூறு அறிவியல் உறுதி கிடைக்கட்டும் என்று தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவருடையது. இரண்டாவது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு அதில் ஒரு பகுதிதான், கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அதில் அடங்கும். தீர்ப்பின்படி வட ஆர்க்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. இழப்பை மதிப்பிடத் தனி ஆணையம் அமைந்தது. அந்த ஆணையம் 2001 மார்ச்சில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த வழக்கில், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மீண்டும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. விடுபட்ட குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீட்டை அரசு கொடுக்க வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஒருமுறை பணம் கட்டியதோடு பொறுப்பு தீராது, சேதம் சரியாகும்வரை அது தொடரும் என்றும் சொன்னது.

இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. தீர்ப்பை எழுதியது டெல்லி. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கிணறு, எந்தப் பட்டா, எந்தக் குழாய் என்று கேட்டு நிற்க ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைத் திரட்டுவதுதான் இங்கே பேசப்படும் வேலை.

முதல் சில வாரங்கள்: கேட்பது, வரைவது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் துண்டறிக்கை அடித்து, கூட்டம் போட்டு, பதாகை பிடித்துத் தொடங்குகிறார்கள். முதல் கூட்டத்துக்கு நூறு பேர் வருவார்கள், மூன்றாவது கூட்டத்துக்குப் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். தொடக்கத்தில் வீடுவீடாகப் போய் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக எதுவும் கிடையாது. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். என்ன பிரச்சினை என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். குடிக்க எந்தத் தண்ணீர், துவைக்க எந்தத் தண்ணீர், கேனுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, கிணற்றுத் தண்ணீர் மாறியது எந்த வருஷம், எந்தப் பயிரை எப்போது விட்டீர்கள், நாற்றம் எந்த நேரத்தில் வருகிறது, வீட்டில் யாராவது டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறார்களா என்று கேட்டால் விவரம் வரும்.

கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. மாசால் கெட்ட தண்ணீரைக் குடிக்கும் குடும்பத்திலேயே ஒருவருக்குச் சம்பளம் தோல் தொழிலிலிருந்து வரலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனி வண்டியில் ஷூ தைக்கப் போகிறார்கள். "கம்பெனியை மூடு" என்ற முழக்கம் அந்தப் பெண்களை முதல் நாளே எதிரணிக்குத் தள்ளிவிடும். விவசாயியும் தொழிலாளியும் சேர்ந்து ஒத்துக்கொள்ளக்கூடிய கோரிக்கைகள் இருக்கின்றன. சுத்திகரிக்காத கழிவை வெளியே விடக் கூடாது, விதிமீறலுக்காக மூடினால் அந்த நாட்களுக்குத் தொழிலாளிக்குச் சம்பளம் தர வேண்டும், கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பவை அப்படிப்பட்டவை. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொழிலாளர் பாதுகாப்பைத் தனி விஷயமாக ஒதுக்கிவைக்க இந்தப் பகுதியில் யாருக்கும் நியாயம் கிடையாது.

வீடுகளில் பேசி முடித்ததும் ஊர் வரைபடம் போடுங்கள். தரையில் கோலமாவால் ஆற்றை வரைந்து, ஓடை, ஏரிக்கால்வாய், கிணறு, போர், மேல்நிலைத் தொட்டி, கழிவுக் குழாய், காலனி, பள்ளிக்கூடம் என்று ஊராரையே குறிக்கச் சொல்லுங்கள். முப்பது வருஷம் முன்பு நெல் விளைந்த இடத்தையும் இப்போது வெள்ளை பூத்துக் கிடக்கும் இடத்தையும் பெரியவர்கள் காட்டுவார்கள். குடம் தூக்கிப் போகும் வழியை ஆண்கள் விட்டுவிடுவார்கள், பெண்கள்தான் வரைவார்கள். இரண்டு தனிப் படங்களாகப் போட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது. முடிந்ததும் காகிதத்தில் நகல் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் எங்கே என்பதும் ஓர் அரசியல்தான். ஊர்க் கோயில் வாசலில் வைத்தால் காலனிக்காரர் வந்தாலும் பின்னால் நிற்பார். தலைவர் வீட்டில் வைத்தால் எதிர்க்கட்சி வராது. பள்ளி மைதானம், நூலகம், பால் சொசைட்டி போன்ற பொது இடம் சரி. ஒருமுறை ஊரில், மறுமுறை காலனியில் என்று மாற்றி வைப்பது இன்னும் நல்லது. ஷிப்ட் முடித்துப் பெண்கள் வீடு வந்து சேர்ந்து சமையல் ஆவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டால் அவர்கள் குரலே பதிவாகாது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பொதுவாக ஒத்துவரும். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் தெருக்களில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. அங்கே அறிவிப்பை உருதுவிலும் சொல்ல ஆள் வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லையோர ஊர்களில் தெலுங்கும் தேவைப்படும்.

தண்ணீரைச் சோதிப்பது

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது, அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். ஊறவைத்து அலசும்போது அந்த உப்பின் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சல்பைடு அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணம். பதனிட குரோமியம் சல்பேட் போடுகிறார்கள். ஆக, டேனரிக் கழிவின் அடையாளங்கள் உப்பு, சல்பைடு, குரோமியம். இவற்றில் உப்பை நீக்குவதுதான் மிகக் கடினம். சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது, ஆர்.ஓ. வழியாகப் பிரித்து, மிஞ்சும் அடர்நீரைக் கொதிக்கவைத்து உப்பாக எடுக்க வேண்டும். செலவு பிடித்த வேலை என்பதால் ஏமாற்றும் ஆசையும் இந்த இடத்தில்தான் வருகிறது. எடுத்த உப்பை மழை படும்படி குவித்துவைத்தால் அது மறுபடியும் மண்ணுக்கே போகும்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கண்டிப்பாக வாங்குங்கள். அது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். குரோமியத்தையோ கிருமியையோ அது காட்டாது. "மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, தண்ணீர் நல்லது" என்று யாராவது சொன்னால் உடனே திருத்த வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தின்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு இந்த இரண்டு எல்லைகளும் 250, 1,000. மொத்தக் குரோமியம் 0.05-ஐத் தாண்டவே கூடாது, அதற்குத் தளர்வு இல்லை. டேனரி வெளியேற்றும் கழிவுநீருக்கு டி.டி.எஸ். எல்லை 2,100. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிக் குழுவில் எல்லாரிடமும் கொடுத்துவிடுங்கள்.

போரில் மாதிரி எடுக்கும் முன் மோட்டாரை ஐந்து, பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் குழாயில் தேங்கிய பழைய நீர்தான் பாட்டிலில் விழும். உப்பு, குளோரைடு, கடினத்தன்மைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, காற்று இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடுங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். மொத்தக் குரோமியத்துக்கு ஆய்வகமே நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில் கொடுக்கும், அதை அலசக் கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வகையைப் பார்க்க வேண்டுமானால் அமிலம் சேர்க்காமல், ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் பரிசோதனைகள் ஏராளம். பாட்டிலில் இடம், கிணற்றுக்காரர், சர்வே எண், ஆழம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எல்லாம் அழியாத மையில் இருக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். எந்தெந்தச் சோதனை அங்கே உண்டு என்று போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குரோமியத்தில் இரண்டு வகை என்பதை மக்களுக்கு விளக்கத்தான் வேண்டும். டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் வகை, பச்சை நீல நிறம், நச்சுத்தன்மை குறைவு. குரோமேட் ரசாயனம் தயாரித்த இடங்களில் கிடப்பது ஆறு இணைதிறன் வகை, மஞ்சள் நிறம், நீரில் எளிதாகக் கரையும், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு இந்த வகைதான். 2006-இல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. அந்தப் பக்கம் மழைக்குப் பின் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கினால் வெறும் கையால் தொடக் கூடாது, ஆடுமாடுகளை விடக் கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது, "இது பாறைப் பகுதி, தண்ணீர் இயல்பாகவே உப்பு." அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஊர்ச் சாக்கடையாலும் கிணறு கெடும். ஆகவே கழிவு வரும் இடத்துக்கு மேல்புறம், ஏறக்குறைய அதே ஆழமுள்ள கிணறு ஒன்றிலும் ஒரே நாளில் மாதிரி எடுங்கள். கீழ்ப்புறத்தில் மூன்று கிணறுகள், மேல்புறத்தில் ஒன்றாவது இருக்கட்டும். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் ஒருமுறை. இரண்டு வருஷம் தொடர்ந்தால் அந்த எண்களை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

நீங்கள் எடுத்த மாதிரிக்கு ஒரு சட்ட எல்லையும் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவித்து, அவர் எதிரில் எடுத்து, இரண்டாகப் பிரித்து முத்திரையிட்ட மாதிரிதான் அந்தச் சட்டத்தின்கீழ் ஆலைமீது வழக்கு நடத்தச் சான்றாகும். மக்களின் மாதிரி, அதிகாரியை அங்கே வரவைப்பதற்கான கருவி. மனுவில் "எங்கள் சோதனை முடிவு இது. ஆகவே 21-வது பிரிவுப்படி மாதிரி எடுத்து அறிக்கையின் நகலைத் தர வேண்டும்" என்று கேட்பது சரியான வாசகம்.

கழிவு நோட்டு

கழிவைத் திறந்துவிடுவது பெரும்பாலும் இரவிலும் மழையிலும். காலையில் அதிகாரி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. எனவே ஆற்றோரத் தெருவுக்கு ஒரு நோட்டு, இரண்டு பேர் பொறுப்பு. தேதி, நேரம், இடம், நிறம், நுரை, நாற்றம், காற்றின் திசை, மழை பெய்ததா, மீன் செத்து மிதந்ததா என்று எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். இடமும் நேரமும் பதியும் செயலியில் படம் எடுங்கள். பொதுச் சாலை, பாலம், ஆற்றுப்படுகையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மதில் ஏறி உள்ளே போனால் வழக்கு உங்கள்மேல் வரும். எந்த ஆலை என்று உறுதியில்லாமல் பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் பரப்பினாலும் அதே கதி.

எந்த அலுவலகம், எந்தத் தாள்

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூரில் தங்கின. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம் ஆயின. வாலாஜா, மேல்விஷாரம், ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போயின. ஆறு ஒன்று, ஆட்சியர் மூவர். "அது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலைத் தவிர்க்க மனுவின் நகலைப் பக்கத்து மாவட்டத்துக்கும் அனுப்புங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகங்களின் எல்லை வேறு மாதிரி இருக்கலாம், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுப்பது எல்லாருக்கும் தெரியும். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். "பாலாற்றைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் அதிகாரி "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் எழுதிவிடுவார். "எங்கள் வார்டு மேல்நிலைத் தொட்டி நீரின் சோதனை முடிவை மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்" என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஒரு மாதம் பொறுத்து அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலையைக் கேளுங்கள்.

தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவருக்கு அதுவும் வேண்டாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், காரணத்தைத் தராது. ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையின் நகலை, அதன் நிபந்தனைகளோடு கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீருக்கு அனுமதி என்பது அதில் இருக்கும். பிறகு கடந்த மூன்று ஆண்டுகளின் ஆய்வு அறிக்கைகள், பல ஆலைகளின் கழிவை ஒன்றாகச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலைய நீரின் பகுப்பாய்வு முடிவுகள், விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீசுகள், மூடல் உத்தரவுகள். அனுமதித்த அளவையும் உண்மையில் ஓடும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நீர் பற்றிய தீர்மானத்துக்குப் பொருத்தமான கூட்டம். தீர்மான வாசகத்தை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோய், பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் வரவில்லையென்று கூட்டம் கலைந்துவிடவும் வாய்ப்புண்டு, ஆகவே ஆட்களைத் திரட்டுவது உங்கள் பொறுப்பு.

புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தால் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழிலும் வைக்க வேண்டும். எல்லாரும் ஒரே ஆவேசத்தைப் பேசி மைக்கைப் பிடுங்கினால் பதிவேட்டில் "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்ற ஒரு வரிதான் மிஞ்சும். ஆளுக்கு ஒரு விஷயம் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்று, ஒருவர் உப்பை எங்கே கொட்டுவார்கள் என்று, ஒருவர் பள்ளியிலிருந்து தூரம் பற்றி. பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி, அதற்கு முன் யாரும் கலைந்து போகக் கூடாது.

இவற்றால் எதுவும் அசையாதபோது, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். கால வரம்பு கறாரானது. பொதுவான முறையீட்டுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டிலும் மேலும் அறுபது நாள் கிடைக்கும், அதற்கு மேல் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். கழிவு நோட்டின் தேதிகள் இங்கேதான் பயன்படும்.

உடைவது எங்கே

அமைப்பு உடைவது பெரும்பாலும் வெளி மிரட்டலால் அல்ல. ஆலைத் தரப்பு கோயில் திருவிழாவுக்கு நன்கொடை தரும், ஒரு தெருவுக்கு மட்டும் போர் போட்டுத் தரும், லாரித் தண்ணீர் அனுப்பும். வாங்கலாமா என்று முன்பே கூடிப் பேசி முடிவெடுத்திருந்தால் ஊர் தாங்கும். வந்த பிறகு பேசினால் தெரு தெருவாகப் பிரியும். லாரித் தண்ணீரை மறுக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது, குழந்தைக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் அதை வாங்கும்போது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்யலாம்.

குழுவில் ஏழிலிருந்து பதினொரு பேர் போதும், தெருவுக்கு ஒருவராவது, பாதிக்குக் குறையாமல் பெண்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. வரவு செலவை ஒவ்வொரு கூட்டத்திலும் சத்தமாக வாசிக்க வேண்டும், ஐம்பது ரூபாய் ஜெராக்ஸ் செலவானாலும். மனுக்களில் தனி ஒருவர் பெயர் முன்னால் நிற்க வேண்டாம், இருபது பேராவது கையெழுத்திடுங்கள். ஆலைக்குள்ளிருந்து தகவல் சொல்லும் தொழிலாளியின் பெயர் எந்த நோட்டிலும் இருக்கக் கூடாது. அவருக்கு வேலை போனால் நீங்கள் சோறு போட மாட்டீர்கள்.

நோய் பற்றிப் பேசும்போது கூடுதல் கவனம் தேவை. "இந்தத் தெருவில் எல்லாருக்கும் புற்றுநோய்" என்று மேடையில் சொல்வது பொய்யாகிவிடலாம், அந்தத் தெருப் பெண்ணின் கல்யாணத்தையும் அது பாதிக்கும். தோல் அரிப்பு, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய், என்ன வேலை செய்கிறார், எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறார் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வருஷக்கணக்கில் சேரும் அந்தச் சீட்டுகளுக்கு மேடைப் பேச்சைவிட மதிப்பு அதிகம்.

இழப்பீட்டுப் பட்டியல்

பணம் வரும் என்ற செய்தி வந்தவுடன் அமைப்பாளருக்கு மிகப் பெரிய வேலை தொடங்குகிறது. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்தது தாளில் இருக்காது. ஒரே பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, சிட்டாவில் ஒரு மாதிரி எழுதியிருக்கும். ஆகவே அறிவிப்புக்குக் காத்திருக்காமல் சர்வே எண் வாரியாகப் பட்டா, சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று, வங்கிப் புத்தக நகல்களைக் குடும்பத்துக்கு ஓர் உறை வீதம் சேர்த்து வைக்கலாம். இல்லாததை இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம்.

நிலமே இல்லாதவர்களின் இழப்பு இந்தத் தாள்களில் வராது. குத்தகைக்குப் பயிரிட்டவர், கழனியில் நாற்று நட்டுக் களை எடுத்துப் பிழைத்த பெண்கள், ஆற்றுப் புல்லை நம்பி மாடு வைத்திருந்தவர் எல்லாரும் நிலத்தோடு சேர்ந்து தங்கள் வாழ்வையும் இழந்தார்கள். அவர்களில் பலர் தலித் குடும்பங்கள். நிலக்காரர்களின் பட்டியலை மட்டும் தயாரித்துக் கொடுக்கும் அமைப்பு அநீதியின் பாதியைத் தானே எழுதி முத்திரையிடுகிறது. எந்த வருஷம் வரை எந்தக் கழனியில் வேலை, யாரிடம், அன்றைய கூலி என்ன, அந்த வேலை எப்போது நின்றது என்று இவர்களின் வாக்குமூலங்களைத் தனிப் பதிவேடாக எழுதி, பக்கத்து நிலக்காரர் ஒருவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்து, நிலப் பட்டியலோடு அதே நாளில், அதே உறையில் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். நகல் ஒன்று ஊரில், இன்னொன்று வெளியூரில் நம்பகமான ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.